பளுவைப் பார்க்காதே

மார்ச் 3

அக்கா,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். கிழிக்காமல் இந்த வரிக்கு வந்திருந்தால் மிச்சத்தையும் படித்துவிடு.

வாலுவின் கை எப்படி இருக்கிறது? கட்டுப் போட்டது இடது கைதானே, எழுதுகிற கை இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். அவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர், எலும்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்! ஆனாலும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

போன் பண்ண வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். போனை அணைத்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். பஸ்ஸில் யாருடைய பையிலாவது மணி அடித்தால்கூட எனக்குக் கை விறைத்து, சட்டை முழுக்க வேர்த்துவிடுகிறது. அதனால் கடிதம். தபால்காரருக்கு இந்தத் தெருவில் என்னை விட்டால் வேறு வேலை இல்லை.

இங்கே நாலாவது மாடிக்கும் மேலே, மொட்டை மாடியில் ஒற்றை அறை. தகரக் கூரை. "ஒரு மாசத்துக்கு மேல இதுல யாரும் தங்கினதில்ல, வெயில்ல வெந்துருவீங்க" என்று வீட்டுக்காரரே எச்சரித்தார். எனக்கு இதுதான் வேண்டும். என் தலைக்கு மேலே இன்னொரு மாடி கிடையாது, தண்ணீர்த் தொட்டி கிடையாது, பரண் கிடையாது. வேலையும் அப்படியே ஒன்று பார்த்துக்கொண்டேன், செடி விற்கிற நர்சரியில். நாள் முழுக்க வானத்துக்கு அடியில். தலைக்கு மேலே நிழல் வலை ஒன்றுதான். அது விழுந்தால் எறும்புகூடச் சாகாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்ன வார்த்தைக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாலுவுக்குக் கட்டுப் பிரிக்கிற அன்று நான் வரட்டுமா? உள்ளே வரமாட்டேன். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

உன் தம்பி

மார்ச் 11

தம்பி,

கிழிக்கவில்லை. கிழித்தால் உன் மருமகள் வாலு குப்பைக்கூடையைக் கவிழ்த்து ஒட்டிவைத்துப் படிப்பாள். அதற்குப் பயந்துதான் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

வர வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று தெருவில் என்ன நடந்ததென்று உனக்கே சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு மூன்று பேரும் நடந்து வந்தோம். மூலையில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த கட்டடத்துச் சாரத்தின் மேல் பலகையில் ஒரு மஞ்சள் பெயின்ட் டப்பா இருந்தது. காற்றில் அது ஒரு இம்மி அசைந்தது. நீ கத்தினாய். வாலுவைத் தூக்கிச் சாலையில் எறிந்தாய். எறிகிற பக்கம் ஸ்கூட்டர் வருகிறதா, லாரி வருகிறதா என்று நீ பார்க்கவே இல்லை. உன் கண் மேலேயே இருந்தது. அந்த ஸ்கூட்டர்க்காரம்மா பிரேக்கை அழுத்தியதால் கையோடு போயிற்று. அப்போதும் நீ டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த டப்பா விழவே இல்லை.

அதற்கு முன்னால் ஆறு மாசம் வீட்டுக்குள் நான் பட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வாலுவின் படுக்கைக்கு மேலே இருந்த ஃபேனைக் கழற்றினாய். கடிகாரத்தை இறக்கினாய். பரணைக் காலி பண்ணிப் பெட்டியெல்லாம் நடைவழியில் அடுக்கினாய், நான் தினமும் முட்டியை இடித்துக்கொண்டேன். அத்தான் படத்தைக்கூட ஆணியிலிருந்து எடுத்துத் தரையில் சாய்த்து வைத்தாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உன் கண்ணுக்கு உயரத்தில் இருப்பதெல்லாம் பேய். அதற்காக ஒரு வீடே தரையில் தவழ முடியுமா?

எட்டு மாசத்துக்கு முன்னால் உன் கிரேனில் தொங்கிய பைப்புக் கட்டுக்கு அடியில் அவர் போனார். நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியாச்சே என்று என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். ஆனால் வாலுவை எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோனபோது வாயில் வந்துவிட்டது. "என் புருஷனை எடுத்தது பத்தாதுன்னு என் புள்ளையையும் எடுக்கப் பாக்குறியா?" சொன்னேன். திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஃபேனை மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தார். போல்ட்டு ஒன்றுகூட இல்லை, கொக்கியின் ரப்பரும் இல்லை என்று திரும்பிப் போனார். எங்கே வைத்திருக்கிறாய்? வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, பிள்ளை கட்டுக்குள் அரிப்பெடுத்து அழுகிறாள்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

போல்ட்டு நாலும் ரப்பரும் அத்தானுடைய ஷேவிங் பெட்டிக்குள் இருக்கின்றன. அதை நீ திறக்கவே மாட்டாய் என்று தெரிந்துதான் அங்கே வைத்தேன். திருட்டுப் புத்திதான், ஒப்புக்கொள்கிறேன்.

நீ எழுதியதை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. ஸ்கூட்டர் ஓட்டியது ஒரு அம்மா என்பதே உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. டப்பா மஞ்சள் என்று எனக்குத் தெரியும். அதன் கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் கழன்றிருந்தது என்றுகூடத் தெரியும்.

அரண்டவனுக்கும் அது பேய் இல்லை என்று தெரியும் அக்கா. தெரிந்தும் கண் அங்கேதான் போகிறது. உன் ஆலையில் தைத்து வரும் சட்டையில் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாயே, அந்த மாதிரி யாரோ ஒருவர் ஊர் முழுக்க எனக்காக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். கடைப் பெயர்ப் பலகையில் ஒன்று, தெருவிளக்கில் ஒன்று, மாடிப்படியில் காயும் துணியில் ஒன்று. நடந்து போகிற மனுஷர் மேல் மட்டும் ஒட்டவில்லை. வாலு மேல் ஒட்டவில்லை. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை, உள்ளே எப்படி இருக்கிறது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன்.

போன மாதம் நர்சரியில் ஒரு வாடிக்கையாளர் என் பின்னால் நின்று குடையைப் படக்கென்று விரித்தார். நான் தொட்டிகளுக்கு நடுவில் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டேன். முதலாளியம்மா ஓடிவந்து, "வேர்ல பூச்சி இருக்கான்னு பாக்குறார்" என்று அவரிடம் சமாளித்தார். அவர் போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "பூச்சி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், டாக்டரைப் பாரு" என்றார். அவர் சொன்ன ஆஸ்பத்திரிக்குத்தான் வாரம் இரண்டு தரம் போகிறேன்.

அங்கே டாக்டரம்மா என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கிறார். திரையில் ஒரே ஆளின் முகம் இரண்டு வரும். ஒன்று முறைக்கும், மற்றது சும்மா இருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் இரண்டும் மறைந்து, ஏதாவது ஒன்று இருந்த இடத்தில் ஒரு புள்ளி வரும். புள்ளி எந்தப் பக்கம் என்று பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் முதுகு நனைந்துவிட்டது. அவர் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு சமயம் முறைக்கிற முகத்துலயே ஒட்டிக்கிறீங்க, விட மாட்டேங்கிறீங்க. இன்னொரு சமயம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கிறீங்க. ரெண்டுக்கும் நடுவுல அலைபாயுது." நான் வெறிக்கிறவன் என்றுதான் நினைத்திருந்தேன். ஓடி ஒளிகிறவனும் நான்தானாம்.

எந்த முகத்துக்குப் பின்னால் புள்ளி வரும் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல. முறைக்கிறதுக்கும் புள்ளிக்கும் சம்பந்தமே கிடையாது. அதைத்தான் உங்க கண்ணு கத்துக்கணும்" என்றார். இது மட்டும் போதாது, நடந்ததை யாரிடமாவது முழுசாகச் சொல்லவும் வேண்டும் என்கிறார். எனக்கு யார் இருக்கிறார்கள், நீதான். ஆனால் அதை எழுத இன்னும் கை வரவில்லை.

நாங்கள் வேலை பார்த்த பைப்பு யார்டில் அத்தான் என்னிடம் தினமும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பளுவைப் பாக்காதடா, என் கையைப் பாரு." கிரேன் ஓட்டுகிறவன் கண் கீழே நின்று சைகை கொடுப்பவரின் கையில்தான் இருக்க வேண்டும். தூக்கு, இறக்கு, நில், எல்லாம் கைதான். வீட்டிலும் அதே கைதானே அவருக்கு. வாலுவைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கும் விரலைக் கீழே காட்டிச் சுற்றுவார், அவளும் பைப்புக் கட்டு இறங்குகிற மாதிரி மாடிப்படியில் மெதுவாக இறங்குவாள். அதைத்தான் இந்தக் கடிதம் எழுதும்போது நினைத்துக்கொண்டேன்.

உன் தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

ஷேவிங் பெட்டியைத் திறந்தேன். பிரஷ்ஷில் சோப்பு காய்ந்து இருந்தது. போல்ட்டை எடுத்துக்கொண்டு மூடிவிட்டேன். எலக்ட்ரீஷியன் வேறு வேலையில் இருக்கிறாராம், வருகிறபோது வரட்டும்.

நீ வெறிப்பதைப் பற்றி எழுதினாய். உன்னைத் திட்டிப் பதில் எழுதலாம் என்று இரண்டு தரம் ஆரம்பித்தேன். பிறகு என்னைப் பற்றி யோசித்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நம் அம்மா கேட்பாளே, அந்தப் பூனை நான்தான்.

ஆலைக்குப் போகும் பஸ் யார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலம் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வேன். மூடுவது சுலபமாக இருக்கிறது, எப்போது திறப்பது என்றுதான் தெரியவில்லை. போன வாரம் மட்டும் மூன்று நாள் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, மூச்சிரைக்க நடந்து வந்தேன். வேலையும் அப்படித்தான். சட்டையைக் கையில் எடுக்கிறேன், காலர், கைப்பட்டி, பொத்தான் துளை எல்லாம் பார்க்கிற மாதிரி விரல் போகிறது, கண் போவதில்லை. ஒரு பெட்டி முழுக்க ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. சரி என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது மனுஷனுக்குத் தைச்சதா, நண்டுக்குத் தைச்சதா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் போன பிறகு பாத்ரூமில் போய் நின்றேன்.

யார்டில் பளு கட்டுகிற நெட்டை இருக்கிறானே, அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கதவைத் தட்டுகிறான். கொஞ்ச நேரம் நிற்பான், செருப்பைத் தரையில் தேய்ப்பான், போவான். நானும் வாலுவும் உள்ளே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்போம். பிள்ளைக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. விசாரணை முடிந்து டிசம்பரில் யார்டிலிருந்து ஒரு கவர் வந்தது. உனக்கும் ஒன்று வந்ததே. என்னுடையது ஒட்டியது ஒட்டியபடி பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது.

ஏன் பிரிக்கவில்லை என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. அன்று காலை பதினொன்று பத்துக்கு நான் உனக்குப் போன் போட்டேன். அவர் கையுறை போட்டிருந்தால் எடுக்க மாட்டார் என்று உனக்குப் போட்டேன். சாயங்காலம் வரும்போது வாலுவின் நோட்டுக்கு அட்டை வாங்கி வரச் சொல்ல. பழுப்பு அட்டை. அவ்வளவுதான் விஷயம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. அரை மணியில் யார்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

போன் சத்தம் கேட்டால் உனக்குக் கை விறைக்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதினாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் போனைப் பார்க்கத் திரும்பினாயா? அதனால்தான் அவர் கையைப் பார்க்காமல் விட்டாயா? உன்னை அந்த வார்த்தை சொன்னேனே, அது எனக்கு நானே சொல்லிக்கொண்டதோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பதினாலாம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள். வருவது இருக்கட்டும். முதலில் இதற்குப் பதில் எழுது. மழுப்பாமல் எழுது.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

பதினாலாம் தேதி போய்விட்டது, தெரியும். பதில் எழுதாமல் வருவதற்கு எனக்கு முகம் இல்லை. ஐந்து தாளைக் கிழித்துப் போட்டேன். டாக்டரம்மா, "எந்த இடத்துல நின்னுடுதோ அந்த இடத்துலேருந்து எழுதுங்க" என்றார். அங்கிருந்தே எழுதுகிறேன்.

போன் அடித்தது உண்மை. ஆனால் அது அடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் கேபினில் லீவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். கீழே ஆட்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அந்த மணி மட்டும் கேட்கிறது. திரையில் 'அக்கா' என்று வந்து வந்து போகிறது. எடுத்தால் என்ன சொல்வது? அதனால்தான் இன்றைக்கும் எந்த மணி அடித்தாலும் நீ கூப்பிடுகிறாய், நான் உனக்குச் சொல்ல வேண்டும் என்றே தோன்றுகிறது. உன்மேல் குற்றம் இல்லை. என்னை நம்பாவிட்டால் அந்தக் கவரைப் பிரி. இரண்டாம் பக்கத்தில் நேரம் போட்டிருக்கிறது, பதினொன்று நாலு. ஆறு நிமிஷம் அக்கா. பழுப்பு அட்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி என் பங்கு.

பைப்புக் கட்டைத் தூக்கிப் பாதி தூரம் வந்தபோது, பளுவைச் சுற்றியிருந்த பெல்ட்டின் ஒரு ஓரத்தில் நூல் பிரிவது தெரிந்தது. வெள்ளை நூல், ஒரு விரல் நீளம். அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. உலகத்திலேயே அந்த நூல்தான் இருந்தது. அத்தானின் கையைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. கண்ணோரத்தில் அவர் கை தூக்கியது மட்டும் நிழல் மாதிரி தெரிந்தது. நில் என்றாரா, இறக்கு என்றாரா, அந்தப் பக்கம் தள்ளு என்றாரா, எனக்குத் தெரியாது. அவர் கடைசியாக ஒன்று சொன்னார், அது எனக்குச் சொன்னது, அதை நான் பார்க்கவில்லை. என் கை லீவரில் என்ன செய்தது என்றும் நினைவில்லை. இதைத்தான் விசாரணையில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தெருவில் வாலுவுக்குச் செய்ததும் இதேதான். ஆபத்தைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. இரண்டு தரம்.

இரண்டாம் பக்கத்தில் அந்தப் பெல்ட்டின் படம் இருக்கிறது. தையல் உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது, வெளியே பார்த்தால் தெரியாது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் மடிப்பில் கிழிந்தே போயிற்று, அத்தனை தரம் பார்த்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தைப் படித்ததில்லை. 'கீழே நின்றவர்களின் வாக்குமூலம்' என்று மேலே போட்டிருக்கிறது. அவர் நில் என்று காட்டினார், கிரேன் நிற்கவில்லை என்று அதில் இருந்தால், அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. நீ வேண்டுமானால் படி. படித்தால், என்ன இருந்தாலும் எனக்கு எழுது. மழுப்பாமல் எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 27

தம்பி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கவரைப் பிரித்தேன். பதினொன்று நாலு. அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. நாலு மாசமாகத் துணிக்கு அடியில் கிடந்தது, எட்டிப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். என்னைப் போல ஒரு மண்டு உண்டா!

மூன்றாம் பக்கத்தைத் தனியாகப் படிக்கத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை வரை பொறுத்திருந்தேன். நெட்டை தட்டினான். கதவைத் திறந்ததும் அவனே ஒரு அடி பின்னால் போய்விட்டான், திறப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை போலும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இதைச் சொல்லத்தான்க்கா வாராவாரம் வந்தேன். நானும் இன்னொருத்தனும் பைப்புக் கட்டு இறங்குற இடத்துல மரக்கட்டையைச் சரி பண்ணப் போனோம். மேல பளு இருக்கும்போது அடியில போகவே கூடாது, போயிட்டோம். அண்ணன் கிரேனுக்கு முதுகைக் காட்டிட்டு எங்களப் பாத்து ரெண்டு கையையும் வீசிட்டு ஓடி வந்தாரு. என் தோளைப் புடிச்சுத் தள்ளினாரு பாருங்க, நான் அந்தப் பக்கம் போய் விழுந்தேன். திரும்பிப் பாத்தா அவரு இல்ல."

"கிரேன்?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ நின்னுடுச்சுக்கா. கட்டு ஆடக்கூட இல்ல, அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு. தம்பி நிறுத்திட்டான். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுற நேரம் ஆச்சு. அப்புறம்தான் பெல்ட்டு விட்டுச்சு."

அவன் போன பிறகு மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். அதேதான் இருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆறாவது வரியை உனக்காக எழுதுகிறேன்: 'சைகை கொடுப்பவர் அந்நேரம் கிரேனை நோக்கி எந்தச் சைகையும் கொடுக்கவில்லை. கிரேன் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது.' நீ பார்க்கத் தவறிய கை எதுவும் அங்கே இல்லை தம்பி. அந்தக் கை உன்னை நோக்கி உயர்ந்ததே இல்லை. நீ நிறுத்துவாய் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் உனக்கு முதுகைக் காட்டிவிட்டு ஓடியிருக்கிறார். உன்னை நம்பாவிட்டால் உன் பக்கம்தானே திரும்பியிருப்பார்?

இதை எழுதும்போது அழுதேன். வாலு பார்த்துவிட்டாள். பார்க்கட்டும்.

அவர் தள்ளினார், ஒருவன் பிழைத்தான். நீ தள்ளினாய், என் பிள்ளைக்குக் கை உடைந்தது. இரண்டும் ஒரே தள்ளல்தான் என்று சொல்லி உன்னை மன்னித்துவிட எனக்கு ஆசை. ஆனால் ஒன்றல்ல. அவர் ஆளைப் பார்த்துத் தள்ளினார், நீ டப்பாவைப் பார்த்துத் தள்ளினாய். இதை இந்தக் காகிதம் கழுவாது. வராந்தாவில் நான் சொன்னதில் முதல் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், முழு மனசோடு. இரண்டாவது பாதி வாலுவின் சமாசாரம். அவளையே கேட்டுக்கொள்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை கொஞ்சம் மெலிந்திருக்கிறது, முழுசாக நீட்ட வரவில்லை, ஆனாலும் மரம் ஏறத் துடிக்கிறாள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு பஸ் நிலையத்துக்கு வா. வீட்டுக்கு அதே தெரு வழியாகத்தான் நடக்கப் போகிறோம். சுற்றுவழி கிடையாது. அவள் முன்னால் நடப்பாள், நீ பின்னால் வா. மேலே பார்க்க வேண்டுமென்றால் பார்த்துக்கொள். அவளைத் தொடாதே, அவ்வளவுதான் நான் கேட்பது. முடியாது என்று தோன்றினால் வராதே, கோபப்பட மாட்டேன்.

அக்கா

மே 4

அக்கா,

நேற்று உன் வீட்டில் தண்ணீரை மட்டும் நாலு டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். சொல்ல வேண்டியதெல்லாம் ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது. காலையில் இறங்கியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் பக்கத்தை நானே படித்துவிட்டுத்தான் வந்தேன். படித்ததால் எல்லாம் இறங்கிவிட்டது என்று நினைக்காதே. கண்ணுக்குக் காகிதம் புரியாது. வரும் வழியிலேயே இரண்டு பாலத்துக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தத் தெரு முனைக்கு வந்தபோது திரும்பி ஓடிவிடலாம் என்று இருந்தது. நீ எனக்கு இடது பக்கம் நடந்தாய், உன் மூச்சு வாங்குவது கேட்டது.

வாலு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் அதைச் செய்தாள், நீ "ஏய், முன்னால பாத்து நடடி" என்று கத்தினாயே, அப்போது. திரும்பி என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். வலது கையை நீட்டி, விரலைக் கீழே காட்டிச் சுற்றினாள். மெதுவா. பிறகு உள்ளங்கையைத் தன் பக்கம் அசைத்தாள். வா. ஒரு நாய் குறுக்கே வந்தபோது கையை விரித்து நீட்டினாள். நில். நான் நின்றேன். நாய் போனதும் மறுபடி, வா. அவள் அப்பா எனக்குக் கொடுத்த மாதிரியே, அந்த முழங்கை மடிப்பு உட்பட. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இடது கையால் கொடுக்க வேண்டியதைக்கூட வலது கையாலேயே கொடுத்தாள். இடது கை இன்னும் முழுசாக நீளவில்லை.

வீட்டு வாசலில் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு நின்றாளே, அது என்ன என்று நீ கேட்டாயே, இப்போது சொல்கிறேன். வேலை முடிந்தால் அத்தான் அப்படித்தான் காட்டுவார். எல்லாம் அப்படியே நிற்கட்டும், இறங்கி வா என்று அர்த்தம்.

நீ உள்ளே போன பிறகு அவளிடம் கேட்டேன், "மாமா மேல கோபமா?" என்று. யோசித்தாள். "கொஞ்சம் கோபம்" என்றாள். "கட்டுக்குள்ள ரொம்ப அரிச்சுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் பாதி வழியில் ஒன்று உறைத்தது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. மூலைக் கட்டடத்தில் நேற்று சாரம் இருந்ததா, பிரித்துவிட்டார்களா? அந்த மஞ்சள் டப்பா இருந்ததா? நான் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. வாலுவின் கைதான் தெரிகிறது.

உன் தம்பி

மே 9

தம்பி,

கேட்டுவிட்டாயே என்று வேலை முடிந்து வரும்போது அந்த மூலையில் நின்று, தலையைத் தூக்கி, நன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன். சாரம் இருக்கிறது. மூன்று மாடிக்கும் இருக்கிறது. டப்பாவும் அதே பலகையில் இருக்கிறது, கைப்பிடி ஒரு பக்கம் கழன்று. அதற்கு அடியில்தான் நாம் மூன்று பேரும் நடந்து வந்திருக்கிறோம். உள்ளே ஆள் இருக்கிறதா என்று குரல் கொடுத்து, அந்த டப்பாவை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டும் வந்தேன். சில சமயம் நீ பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் நேற்று வந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கழற்றியவன் நீ, நீயே வந்து மாட்டு. பிள்ளை அதற்கு அடியில்தான் படுக்கப் போகிறாள், அதனால் போல்ட்டை இறுக்கமாகப் போடு. ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். தூக்கு, இறக்கு, நில் எல்லாம் கீழே நின்று வாலு சொல்வாளாம்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வா. வரும் வழியில் பழுப்பு அட்டை ஒரு கட்டு வாங்கி வா.

அக்கா